யோசுவாவின் தலைமுறையா?

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரச் சபைகளின் வாலிபர் கூட்டங்களில் ஓர் ஒப்புமை கையாளப்படுவதைக் கேட்டிருக்கிறேன். மூத்த தலித் தலைவர்கள் மோசேயின் தலைமுறையினர். அவர்கள் வனாந்தரத்தோடு நின்றுவிட, மக்களைக் கானானுக்குள் நடத்திச் செல்லப் புதிய யோசுவா எழும்பியிருக்கிறார் என்பதே அது. கேட்பதற்கு இனிதுதான். திருமறை இதற்கு இடந்தருகிறதா?

இதே ஒப்புமையை அமெரிக்கக் கறுப்பினத்தாரிடையேயும் காண்கிறோம். 2007 மார்ச் 4 அன்று செல்மா நகரில் உரையாற்றிய பராக் ஒபாமா, குடியுரிமைப் போராட்ட வீரர்களை மோசேயின் தலைமுறை என்றும், தம் வயதினரை யோசுவாவின் தலைமுறை என்றும் அழைத்தார். அவரை ஆதரிப்பதில் மூத்த தலைவர்கள் பிளவுபட்டனர். ஜான் லூயிஸ் முதலில் ஹிலாரி கிளின்டனை ஆதரித்து, 2008 பிப்ரவரியில்தான் ஒபாமா பக்கம் வந்தார். லூயிசினும் மிக மூத்தவரான ஜோசப் லோரி ஐயரோ ஒபாமாவையே ஆதரித்தார். ஆகவே பிரித்தது வயதென்று மட்டும் சொல்வதற்கில்லை.

நம் வட்டாரத்தில் இச்சூழல் 2024இல் அமைந்தது. அக்டோபர் 27 அன்று விக்கிரவாண்டியை அடுத்த வி. சாலையில் தமிழக வெற்றிக் கழகத்தின் முதல் மாநில மாநாடு கூடியது. நடிகர் விஜய் அம்பேத்கரைக் கொள்கை வழிகாட்டிகளுள் ஒருவராக அறிவித்து, கூட்டணிக் கட்சிகளுக்கு ஆட்சியில் பங்கு உண்டென்றார். அப்பங்கை நெடுங்காலமாகக் கேட்டுவந்தோர் விடுதலைச் சிறுத்தைகள். டிசம்பர் 6 அன்று அம்பேத்கர் பற்றிய நூல் வெளியீட்டிற்கு விஜய் வந்தார், தொல். திருமாவளவன் செல்லவில்லை. அம்மேடையில் பேசிய அவர் கட்சியின் துணைப் பொதுச் செயலாளர் ஆதவ் அர்ஜுனா இடைநீக்கம் செய்யப்பட்டார். 2025 ஜனவரியில் விஜயின் கட்சியில் சேர்ந்தார்.

இன்று மூத்தவர் எனப்படும் திருமாவளவனே ஒரு காலத்தில் யோசுவாவாகக் கருதப்பட்டவர் அல்லரோ? அவருக்கு முன் எல். இளையபெருமாள் காங்கிரசில் நின்று உழைத்தார். தீண்டாமை பற்றிய அவர் குழுவின் அறிக்கை 1969இல் அளிக்கப்பட்டது. முன்னோர் பெரிய கட்சியின் நிழலைத் தேடினர் என இகழ்வோர், 1978 ஜூலையில் விழுப்புரத்தில் தலித் மக்கள் 12 பேர் கொல்லப்பட்டதை நினைவுகூர வேண்டும். அதைக் கண்ட ஊரில் நிழல் தேடுதல் கோழைத்தனமன்று. திருமாவளவன் தேர்தல் புறக்கணிப்பைக் கைவிட்டு, 1999இல் சிதம்பரத்தில் மூப்பனார் கட்சியின் சைக்கிள் சின்னத்தில் நின்றார். விழுப்புரத்தில் ரவிக்குமார் 2019இல் உதயசூரியனில் வென்று, 2024இல் தம் கட்சியின் பானைச் சின்னத்திலேயே வென்றார். இரவல் சின்னத்திலிருந்து சொந்தச் சின்னத்திற்கு வர நெடுங்காலம் ஆயிற்று.

இனி ஒப்புமைக்கு வருவோம். வனாந்தரத் தலைமுறை அவிசுவாசத்தினிமித்தம் அங்கேயே மாண்டது (எண். 14). நம் முதியோரை அத்தலைமுறையோடு சேர்ப்பது அவர்களுடைய மரணத்தை எதிர்நோக்குவதாகும். பிரசங்கிகள் இதை உணர்ந்ததாகத் தெரியவில்லை. மேலும், யோசுவா தாமாக எழும்பியவர் அல்லர். மோசே உயிரோடிருக்கையில் சபை முழுவதற்கும் முன்பாக அவர்மேல் கைவைத்து, தம் கனத்தில் பங்களித்தார் (எண். 27).

இதனால் மூத்தோரைக் குற்றமற்றோர் என்கிறேன் அல்லேன். எல்தாத்தும் மேதாத்தும் கூடாரத்திற்குப் போகாமல் பாளயத்திலேயே தீர்க்கதரிசனம் உரைத்தபோது, தடைசெய்யும்படி வேண்டியவர் இளைஞரான யோசுவா, மறுத்தவர் முதியவரான மோசே (எண். 11). தங்கள் கூடாரத்திற்கு வெளியே நின்று அம்பேத்கர் பெயரைச் சொல்லும் வாலிபரிடம் நம் தலைவர்கள், ஆயர்களாகிய நாமுங்கூட, இவ்விருவருள் எவருடைய குரலில் பேசினோம்? நான் கேட்ட பிரசங்கங்கள் ஒன்றிலும் இவ்வதிகாரம் வாசிக்கப்படவில்லை.