பயண நூலுக்கு ஓர் உரைகல்
ஜப்பானிய நகரங்களைக் கண்டோர் எழுத்துக் குறித்து

பயண நூலொன்றின் பெருமையை அது வருணிக்கும் கோபுரங்களையும் அரண்மனைகளையும் கொண்டு அளப்போர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. பயணி எந்த விடுதியில் படுத்தார், எதை உண்டார், வழி தவறியபோது யாரிடம் கேட்டார், கையிலிருந்த காசு எவ்வாறு செலவாயிற்று என்னும் சிறு செய்திகளே அவர் எழுத்துக்கு உரைகல். அரபு மொழியில் 'கபர்' என்றும் 'முஆயனா' என்றும் இரு சொற்கள் உண்டு. முன்னது காதாற் கேட்ட செய்தி; பின்னது கண்ணாரக் கண்டறிதல். 'ரிஹ்லா' எனப்படும் அரபுப் பயண இலக்கியம் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை நன்கறிந்தது. 1183இல் கர்னாத்தாவிலிருந்து புறப்பட்ட இப்னு ஜுபைர், இஸ்கந்தரிய்யாத் துறைமுகத்தில் சுங்க அலுவலர் பயணிகளின் மூட்டைகளைக் கிளறிப் படுத்திய பாட்டை மனம் நொந்து எழுதினார். அந்நகரின் கலங்கரை விளக்கத்தின் சிறப்பையும் அவரே எழுதினார். முன்னதை எழுதியவர் என்பதாலேயே பின்னதையும் நாம் நம்புகிறோம்.

ஜப்பானைப் பற்றிய எழுத்துகளை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீனம் சென்ற மார்க்கோ போலோ, ஜப்பானிய அரசனின் அரண்மனைக் கூரை பொன்னால் வேயப்பட்டது என்று எழுதுவித்தார். அந்நாட்டில் அவர் கால் வைத்ததே இல்லை. அவர் தந்த செய்தியில் பொன் உண்டு. ஒரு தெரு இல்லை, ஒரு கடை இல்லை.

1907இல் கெய்ரோவில் 'அர்-ரிஹ்லத்துல் யாபானிய்யா' என்னும் நூல் வெளிவந்தது. ஆசிரியர் எகிப்தியரான அலீ அஹ்மத் அல்-ஜர்ஜாவீ. 1906இல் டோக்கியோவில் நடந்த சமய மாநாட்டுக்குச் சென்றதாகவும், அங்கே ஆயிரக்கணக்கானோர் இஸ்லாத்தைத் தழுவியதாகவும் அவர் கூறுகிறார். அவர் உண்மையிலேயே ஜப்பான் சென்றாரா என்று பிற்கால ஆய்வாளர்கள் ஐயுற்றுள்ளனர். 1905இல் ரஷ்யாவை வென்ற ஜப்பான் கீழைநாட்டார் அனைவரின் உள்ளத்தையும் கவர்ந்திருந்த காலம் அது. வாசகர் எதைக் கேட்க ஏங்கினரோ அதையே நூல் அவர்களுக்கு வழங்கிற்று. நற்செய்தி என்பதற்காக ஒரு செய்தியைச் சரிபாராது ஏற்பது நம் மரபன்று. அறிவிப்பாளரை ஆராய்ந்த பின்னரே அறிவிப்பை ஏற்ற முன்னோரின் வழிவந்த நாம், பயண நூலிடமும் அதையே கோர வேண்டும்.

அப்துர் ரஷீத் இப்ராஹீமின் நிலை வேறு. சைபீரியாவில் பிறந்த இந்தத் தாத்தாரிய அறிஞர் 1909இல் ஜப்பானில் சில மாதங்கள் தங்கினார். பின்னர் 'ஆலமே இஸ்லாம்' என்னும் விரிவான நூலைத் துருக்கியில் எழுதினார். இறுதியில் டோக்கியோவிலேயே வாழ்ந்து 1944இல் அங்கேயே மறைந்தார். அவர் பள்ளிகளைக் கண்டார், தலைவர்களைச் சந்தித்தார், மக்களோடு பழகினார். ஐயத்துக்கு இடமில்லை. ஆயினும் அவருடைய கண் காதலனின் கண். ஐரோப்பிய ஆதிக்கத்துக்கு எதிராகக் கீழைநாடுகளுக்கு ஜப்பான் துணைநிற்கும் என்னும் நம்பிக்கையோடு அவர் நடந்தார். அந்த நம்பிக்கைக்கு உகந்த பண்புகளே அவர் கண்ணில் முதலில் பட்டன. அடுத்த ஆண்டே, 1910இல், ஜப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. கண்டதை மட்டும் எழுதுவதால் நூல் முழுமை பெற்றுவிடாது. காண விரும்பியது எது, காணாது விட்டது எது என்பதையும் வாசகர் கேட்டாக வேண்டும்.

இஸபெல்லா பேர்ட் என்னும் ஆங்கில மாது 1878இல் ஜப்பானுக்கு வந்தார். 1880இல் வெளியான அவருடைய நூலில், கசுகபே ஊரின் விடுதியில் கழிந்த முதல் இரவு நம் மனத்தைவிட்டு அகலாதது. தெள்ளுப்பூச்சிகள் கடித்தன, காகிதத் தட்டியின் துளைகள்தோறும் கண்கள் எட்டிப் பார்த்தன, தனித்த பெண் அஞ்சினார். அந்த அச்சத்தை அவர் எழுதினார். பின்னர் 1,200 மைல் தீங்கின்றிப் பயணம் செய்தபின், அச்சத்துக்குக் காரணமே இல்லை என்று அடிக்குறிப்பும் சேர்த்தார். முதலில் எழுதியதை அழிக்கவில்லை. பின்னர் அறிந்ததை மறைக்கவுமில்லை. இதுவே நேர்மை என்பது நம் துணிபு.

1916இல் சென்ற தாகூர், ஜப்பானியத் தெருக்களில் கூட்டம் இருந்தும் கூச்சல் இல்லாததைக் கண்டு வியந்தார். வீண் சினத்தில் ஆற்றலைச் செலவிடாத அந்த அடக்கத்தையும், மூன்றே அடியில் அமையும் அவர்களுடைய சிறு கவிதையையும் இணைத்துப் பார்த்தார். தெருவின் ஒரு சிறு காட்சியிலிருந்து ஒரு மக்களின் கலை வரை செல்வது பெரும் எழுத்தாளருக்கே இயலும். ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை. அதே பயணத்தில், அதே டோக்கியோவில், தேசியவெறியைக் கண்டித்துச் சொற்பொழிவாற்றினார். விருந்தோம்பியோர் சிலரின் மனக்கசப்புக்கும் ஆளானார். தெருவின் அமைதியைப் பாராட்டியவர் அரசின் போக்கை மறைத்துப் பேசவில்லை.

பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் 1970இல் எழுதிய நூல், டோக்கியோவின் தெருக்களுக்குப் பெயரில்லாமையைச் சுவைபடப் பேசுகிறது. அங்கே முகவரி வட்டாரம், மனைத்தொகுதி, எண் என்னும் வரிசையில் அமைவது. வழி கேட்டால் காகிதத்தில் படம் வரைந்து தருவர். பார்த் இதனைக் குறியீடுகளின் விளையாட்டாகக் கண்டார். ஆனால் 1962ஆம் ஆண்டுச் சட்டம் ஏன் இவ்வெண்களை ஒழுங்குபடுத்த முற்பட்டது, 'கோபான்' என்னும் காவற்சாவடியில் வட்டாரப் படம் ஏன் இருக்கிறது என்னும் வினாக்கள் அவருக்கு எழவில்லை. தாம் உண்மை ஜப்பானை வருணிக்கவில்லை என்று அவரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார். அது நேர்மையே, எனினும் அந்நகரில் குடியிருப்போர் அந்நூலில் குடிபுகவில்லை.

தமிழிலும் இத்துறை வறியதன்று. 1930களில் டோக்கியோவில் புகைப்படக் கலை பயின்ற ஏ. கே. செட்டியார் ஜப்பானைப் பற்றி எழுதினார், தி. ஜானகிராமன் 'உதய சூரியன்' தந்தார். இன்றோ செல்வோர் தொகை பெருகிவிட்டது. 2024இல் மட்டும் 3 கோடியே 68 இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டார் ஜப்பான் சென்றனர். அவர்களுள் எழுதுவோர் பலர். பெரும்பாலான கட்டுரைகளின் சாரம் ஒன்றே: தெருவில் குப்பைத்தொட்டி இல்லை, ஆயினும் குப்பையும் இல்லை, இரயில் நொடி பிசகாது வருகிறது, நம்மவர்க்கு இந்த ஒழுக்கம் என்று வரும்?

இவ்வகை எழுத்தையே நாம் குறைகூறுகிறோம். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோவின் நிலத்தடி இரயில்களில் நச்சுவாயு வீசப்பட்டது. அதன்பின் பாதுகாப்புக் கருதிப் பல இடங்களில் தொட்டிகள் அகற்றப்பட்டன. இதைக் கட்டுரையாளர் சொல்வதில்லை. பள்ளிப் பிள்ளைகள் தம் வகுப்பறையைத் தாமே பெருக்கித் துடைப்பதையும், வீட்டுக் குப்பையை வகைபிரித்து உரிய நாளில் வைக்கும் கடமையையும் சொல்வதில்லை. டோக்கியோ நிலையத்தில் நின்று திரும்பும் அதிவேக இரயிலை ஏழு நிமிடத்தில் துப்புரவு செய்துவிட்டுப் பயணிகளுக்குத் தலைவணங்கும் தொழிலாளரைச் சொன்னாலும், வேடிக்கையாகவே சொல்கின்றனர். தூய்மை ஓரினத்தின் இரத்தத்தில் ஊறியது என்று எழுதினால், நம் பிள்ளைகள் கற்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. அது பயிற்சியாலும் உழைப்பாலும் விளைந்தது என்று எழுதினால், நாளையே நம் பள்ளியில் ஒரு துடைப்பத்தை எடுக்கலாம்.

நம் குடும்பத்தார் பயணம் செல்லும்போது உணவு குறித்துக் கேட்க நேரும் வினாக்களும் இத்தகையவே. குழம்பில் 'மிரின்' என்னும் அரிசி மது கலந்துள்ளதா, வறுத்தது எந்தக் கொழுப்பில் என்று கேட்பவர் அந்நாட்டு அடுக்களையையே அறிந்துகொள்கிறார். இந்திய வணிகர்களும் நன்கொடை அளித்து 1935இல் எழுந்த கோபே பள்ளிவாசலைத் தேடிச் செல்பவர், 1945இன் குண்டுவீச்சையும் 1995இன் நிலநடுக்கத்தையும் தாங்கிய ஒரு நகரத்தின் கதையையும் சேர்த்தே கேட்கிறார்.

மற்றொன்றும் உண்டு. கியோட்டோவின் கியோன் பகுதியில், தனியார்க்குரிய சந்துகளில் சுற்றுலாப் பயணிகள் நுழையலாகாது என்று 2024இல் அறிவிப்புப் பலகை வைத்தனர். மீறினால் 10,000 யென் தண்டம். தொழிலுக்குச் செல்லும் கெய்ஷா மகளிரைத் துரத்தித் துரத்திப் படமெடுத்தோரால் வந்த வினை இது. காணச் செல்பவரும் காணப்படுகிறார் என்பதைப் பயண எழுத்தாளர் மறக்கலாகாது. தம் வருகையால் அத்தெருவினர்க்கு நேர்ந்த தொல்லையையும் எழுதுபவரே முழுச் சாட்சி.

ஆகவே ஜப்பானிய நகரங்களைப் பற்றிய நூலொன்று கையில் கிடைத்தால் வாசகர்கள் மூன்று வினாக்களைக் கேட்பாராக. இவர் கண்டது எது, கேட்டது எது? வியந்ததற்குக் காரணம் தேடினாரா? அங்கே வாழ்வோரின் உழைப்புக்கும் துயருக்கும் நூலில் இடம் தந்தாரா? பேர்ட் அம்மையாரும் தாகூரும் இவ்வினாக்களுக்குப் பெரும்பாலும் விடை தருகின்றனர். இனித் தமிழில் எழுதவிருப்போரும் தருவாராயின், அவர்களுடைய நூல்களை நம் பிள்ளைகள் கையில் தயக்கமின்றிக் கொடுப்போம்.