விரைவும் இசையும்

கிட்டார் என்னும் தந்திக் கருவியை மின்னல் விரைவில் மீட்டுவோரைக் கண்டால் அவையோர் வியந்து கைதட்டுவர். அவ்வியப்பு இயல்பே. ஆயினும், கைதட்டியோர் வீடு திரும்பும்போது கேட்ட இசையில் ஓர் அடியேனும் அவர்தம் நெஞ்சில் நிற்கின்றதா? நில்லாதாயின், அவர்கள் கண்டது விரல் விளையாட்டே அன்றி இசை அன்று. இவ்விரண்டையும் பிரித்தறியும் வழி யாது?

முதற்கண், கிட்டாருக்கு விரைவு ஏன் வேண்டியதாயிற்று என்பதை எண்ணுதல் வேண்டும். வயலினில் வில் ஓடும் வரை ஒலி நீளும். குழலில் மூச்சு உள்ள வரை நீளும். கிட்டாரின் தந்தியோ மீட்டிய உடனேயே ஒலி தேயத் தொடங்கும். இக்குறையை வெல்லும் வழிகளுள் ஒன்று விரைவு. ஸ்பெயின் நாட்டுப் பிரான்சிஸ்கோ தாரெகா (1852–1909) இயற்றிய 'அல்ஹம்பிராவின் நினைவுகள்' இதற்கு நல்ல சான்று. அதில் பெருவிரல் தாழ்ந்த சுரங்களை மீட்டிச் செல்ல, ஏனைய மூன்று விரல்கள் ஒரே சுரத்தை அடுத்தடுத்து மும்முறை மீட்டுகின்றன. நல்ல கலைஞர் கையில் அவை தனித்தனி ஒலிகளாகக் கேளாமல், நீண்டு செல்லும் ஒரே குரலாகக் கேட்கின்றன. விரைவு தன்னை மறைத்துக்கொண்டு இன்னிசையை முன்னிறுத்துகின்றது. விரல்கள் சமமின்றி ஓடினாலோ, அக்குரல் உடைந்து குதிரைக் குளம்பொலி ஆகிவிடும். ஆகவே, ஒவ்வொரு சுரமும் தெளிவாகவும் சீராகவும் ஒலித்தல் முதல் இலக்கணம் ஆகும்.

இரண்டாவது இலக்கணம் தாளம். தென் ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசையில் 'புலேரியாஸ்' என்பது 12 எண்ணிக்கை கொண்ட சுற்று. 3, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில் அழுத்தம் விழுவது அதன் பெருவழக்கு. பாக்கோ தெ லூசியா (1947–2014) சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்ட, விரைந்த சுர வரிசைகளை வாசித்தவர். அவர் விரைவு தாளத்தை விட்டு ஓடியதில்லை. எங்கே நிற்பது என்பதை அறிந்தே ஓடி, 10 ஆம் எண்ணிக்கையில் வந்து முடிவதை அவர் வாசிப்பில் கேட்கலாம். செய்யுளைச் சீர் பிரிக்காமல் ஒரே மூச்சில் ஒப்புவிக்கும் மாணவனுக்கும், சீரும் தளையும் விளங்க விரைந்து படிப்பவனுக்கும் உள்ள வேறுபாடு இதுவே அன்றோ?

மூன்றாவது, இடமறிதல். ஜாங்கோ ரைன்ஹார்ட் (1910–1953) 1928 இல் நேர்ந்த தீ விபத்தில் இடக்கையின் இரு விரல்களின் வலிமையை இழந்தார். பெரும்பாலும் எஞ்சிய இரு விரல்களைக் கொண்டே தனி வாசிப்புகளை நிகழ்த்தினார். அவரிடமும் பெருவிரைவு உண்டு. ஆனால், நிதானமான சொற்றொடர் ஒன்று முன்னே வரும். சிறு மௌனம் இடையே வரும். அதன் பின்னரே விரைவு பாயும். மெதுவும் மௌனமும் இல்லாத இடத்தில் விரைவு விரைவாகத் தோன்றுவதே இல்லை.

இனி, குறை எங்கே நேர்கின்றது? இங்வி மால்ம்ஸ்டீனின் 'ரைசிங் ஃபோர்ஸ்' இசைத்தட்டு 1984 இல் வெளிவந்த பின், மின்கிட்டாரில் அவரைப் பின்பற்றியோர் பலராயினர். அவருள் சிலர் கைக்குப் பழகிய விரல் அமைப்புகளையே எந்தப் பாட்டிலும் மேலும் கீழுமாக ஓட்டினர். மின்கருவியின் முரட்டொலியில் எல்லாச் சுரமும் ஏறக்குறைய ஒரே உரப்பாகிவிடுவதால், அழுத்தமும் மென்மையும் மறைந்தன. இது கருவியின் குற்றம் அன்று. பொருளின்றி ஓடும் கையின் குற்றமே.

'மெதுவான இசையே உணர்ச்சி உடையது' எனச் சிலர் கூறுவர். அதுவும் பொருந்தாது. ஜான் மக்லாக்ளின் 1975 அளவில், தமிழகத்துக் கடக் கலைஞர் விக்கு விநாயகராம், வயலின் கலைஞர் எல். சங்கர், தபேலாக் கலைஞர் சாகிர் உசேன் ஆகியோருடன் 'சக்தி' குழுவில் வாசித்தார். அங்கே விரைவு மிக உண்டு. எனினும், ஒருவர் வினவ மற்றவர் விடையிறுப்பது போல அது அமைந்தது. பிறர் வாசித்ததைக் கேளாதவர் அங்கே விடை கூற இயலாது.

இளைஞர்க்கு உதவும் சோதனைகள் இரண்டு. விரைந்த பகுதியை மிக மெதுவாக வாசித்துப் பார்க்க. அப்போதும் அது பாட்டாக நிற்கின்றதா? அதே பகுதியை வேறொரு பாட்டில் வைத்துப் பார்க்க. அங்கும் தடையின்றிப் பொருந்துமாயின், அது எந்தப் பாட்டுக்கும் உரியதன்று. தாளக்கருவியின் முள்ளை நாள்தோறும் ஓரெண் கூட்டி வைப்பதையே வளர்ச்சி எனக் கருதும் மாணவனுக்கு, இவ்விரு வினாக்களையும் கேட்கக் கற்பிப்பதே ஆசிரியர் செய்யத்தக்க பேருதவி.