குடைப் பேச்சு

வெயிலில் குடையைக் கொடுத்துவிட்டு, மழை தொடங்கியதும் திருப்பிக் கேட்பவன் பேங்க்காரன் என்று மார்க் ட்வெய்ன் சொன்னதாக வழங்குகிறது. அவர் சொன்னதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இருந்தும் அது அவர் பெயரை விட்டுப் போவதாயில்லை. காளமேகத்துக்கும் இதே கதிதான். காஞ்சி வரதரின் கருடசேவையைப் பற்றி வழங்கும் நிந்தாஸ்துதி போல, கேலியாக எது அகப்பட்டாலும் அவர் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

ஒரு வித்தியாசம் உண்டு. தனிப்பாடல் யார், எங்கே, எதற்காகச் சொன்னது என்ற கதையையும் கூட்டிக்கொண்டு வருகிறது. ட்வெய்னின் வாசகங்கள் கதையை உதிர்த்துவிட்டு வருகின்றன. 1894இல் வெளியான 'புடன்ஹெட் வில்ஸன்' நாவலின் அத்தியாயத் தலைப்புகளில் உள்ள வாசகங்களைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நாவலில் அவற்றை எழுதும் வில்ஸன், ஊருக்கு வந்த அன்றே ஒரு ஹாஸ்யம் சொல்லி, அது யாருக்கும் புரியாமல், மடையன் என்று பெயர் வாங்குகிறான். இருபது வருஷத்துக்கு மேல் அந்த வக்கீலிடம் வழக்கு வரவில்லை. ட்வெய்னின் பதிப்பகம் திவாலானதும் அதே 1894இல்தான்.

ஏனாத்தூரில் கடன் மறுக்கப்பட்ட நெசவாளி ஒருவர் என் கவுண்ட்டரில் அந்தக் குடைப் பேச்சைத் தம் சொந்தப் பேச்சாகவே சொன்னார். நான் ரசித்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஹாஸ்யம் நிலைப்பது அதன் சமத்காரத்தால் என்று நம் விமர்சனத்தில் சொல்லி வருகிறோம். எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. அதை மறுபடி சொல்ல வேண்டிய நிலையில் எங்கோ ஒருவர் இருக்கிறார், அதனால் நிலைக்கிறது. மேற்கோள் தொகுப்பில் படிக்கிறவனுக்கு அந்த ஒருவர் தென்படுவதில்லை.