பாவம் ஓரிடம், பழி ஓரிடம்

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் அறிவித்தார். நாடு சிரித்தது, அயல்நாட்டுப் பத்திரிகைகளும் சிரித்தன. சிரிப்பு அடங்கிய பின் கேட்டிருக்க வேண்டிய கேள்வி மட்டும் பலருக்கும் மறந்து போயிற்று. ஒரு குரங்கின் உடல் பட்ட மாத்திரத்தில், இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் ஒரு நாடு செயலற்றுப் போகுமாயின், குற்றம் குரங்கினுடையதா, அந்த அமைப்பினுடையதா?

இலக்கிய ஏட்டில் மின்சாரத்துக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். ஆட்சியாளர் மக்களுக்குக் கூறும் விளக்கமும் ஒருவகைக் கதைதான். அதிலும் பாத்திரம் உண்டு, நிகழ்ச்சி உண்டு, முடிவு உண்டு. ஒரு கதை எதைச் சொல்லி எதை மறைக்கிறது என்று ஆராய்வது விமர்சகனின் கடமை. அந்தக் கடமையைச் சிறுகதைக்கும் நாவலுக்கும் மட்டும் ஒதுக்கி வைப்பானேன்?

குரங்குக் கதை மறைத்தது என்ன? அன்று ஞாயிற்றுக்கிழமை. தொழிற்சாலைகளும் காரியாலயங்களும் மூடியிருந்தமையால் மின்தேவை குறைவாக இருந்தது. வெயிலோ நன்றாக எறித்தது. மின்சாரத்தின் பெரும்பகுதி சூரியத் தகடுகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒரு மின்வலையமைப்பில் திடீர் அதிர்ச்சி நேரும்போது, கனத்த சுழலிகள் தம் சுழற்சியின் வேகத்தாலேயே அதைச் சில கணங்கள் தாங்கிக்கொள்ளும். சூரியத் தகட்டுக்கு அத்தகைய சுழற்சி இல்லை. சுழலும் இயந்திரங்கள் குறைந்திருந்த வேளையில் ஓரிடத்தில் நேர்ந்த பழுது நாடெங்கும் பரவியது. பின்னர் மின்சார சபையே இந்த நிலைமையை எடுத்துரைத்தது. ஆனால், மக்கள் மனத்தில் நின்றது குரங்கு மட்டுமே.

கதையின் அடுத்த அங்கம் புத்தளம் கரையில் நிகழ்ந்தது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுவிட்டன. அத்தகைய பெருங்கொதிகலன் விழுந்தால் உடனே எழுவதில்லை. அடுத்து வந்த நாட்களில் நாடு ஒன்றரை மணி நேர மின்வெட்டுக்கு உள்ளாயிற்று. 2020 ஆகஸ்ட் 17ஆம் திகதியும் இதுவே நடந்தது. அன்று பழுது கெரவலப்பிட்டியில். ஆயினும் நுரைச்சோலை மீண்டெழும்வரை சில நாட்கள் மின்வெட்டு நீடித்தது. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை ஒரே மணற்கரையில், ஒரே நிலையத்தில் குவித்து வைத்ததன் பலன் இது.

அந்த மணற்கரை எத்தகையது? ஒருபுறம் கடல், மறுபுறம் புத்தளம் களப்பு, இடையில் ஒடுங்கிய கற்பிட்டிக் குடாநாடு. மணலில் கிணறு தோண்டி, அந்நீரை இறைத்து வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளைவிக்கும் கமக்காரர்களும், கரைவலை இழுத்தும் களப்பில் மீன்பிடித்தும் வாழ்பவர்களும் அங்கே இருக்கின்றனர். 1990இல் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெருந்தொகையினர் தஞ்சம் புகுந்ததும் இந்த மாவட்டத்திலேதான். அனல்மின் நிலையத் திட்டம் வந்தபோது மக்கள் வாளாவிருக்கவில்லை. தலவில புனித அன்னாள் திருத்தலத்துக்கு அண்மையில் இந்நிலையம் அமைவதைக் கத்தோலிக்க மக்கள் எதிர்த்தனர். திட்டம் சில காலம் ஒத்திப்போடப்பட்டது. ஆயினும் 2006இல் சீனக் கடனுதவியோடு வேலை தொடங்கியது. 2011இல் முதல் இயந்திரம் இயங்கிற்று. 2014இல் மூன்றும் சேர்ந்து 900 மெகாவாட் ஆயின.

இங்கே ஓர் உண்மையை வாசகர் கூர்ந்து கவனிக்க வேண்டும். நிலக்கரிக் கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. ஆழ்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து தெப்பங்களில் ஏற்றி இறங்குதுறைக்குக் கொண்டுவர வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இது இயலாது. ஆதலால் ஓராண்டுக்கு வேண்டிய 20 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட நிலக்கரியைக் கடல் அமைதியாயிருக்கும் காலத்திலேயே இறக்கிக் குவித்து விடுகின்றனர். அதாவது, காற்று மூர்க்கமாக வீசத் தொடங்கும் வேளையில்தான் குவியலும் உயர்ந்து நிற்கிறது. கரித்தூளும் சாம்பலும் தம் தோட்டங்களிலும் வீடுகளிலும் படிகின்றன என்பது அயலவர் பல ஆண்டுகளாகச் செய்துவரும் முறைப்பாடு. நாட்டின் இருளை எண்ணிக் கவலைப்படும் நாம், அந்த மிளகாய்ச் செடியின் இலைமேல் படியும் கருமையை எண்ணியதுண்டா?

அதே காற்று இன்னொரு செய்தியையும் கொண்டுவருகிறது. நுரைச்சோலைக்கு அருகே மாம்புரியில் 2010 முதல் காற்றாலைகள் சுழல்கின்றன. ஒரே கரை, ஒரே பருவக்காற்று. ஒன்றில் அது விசையாகிறது, மற்றொன்றில் தூசியாகிறது. காற்று குற்றவாளியன்று, அதை எதிர்கொள்ள நாம் எதைக் கட்டினோம் என்பதே கேள்வி.

நுரைச்சோலையை நாளையே மூடிவிடுக என்பது நமது வாதமன்று. மழை பொய்த்து மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்றிய காலங்களில், விலைமிக்க எண்ணெயை எரிக்கும் சுமையை இந்நிலையம் குறைத்தது என்பதை மறுப்பது நேர்மையாகாது. 2030இல் மின்சாரத்தின் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறுவதென்ற அரசின் இலக்கும் வரவேற்கத்தக்கதே. ஆனால், 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நடந்தது என்ன? கூரைமேல் சூரியத் தகடு பொருத்தியோரைப் பிற்பகல் 3 மணிவரை அவற்றை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. பகலில் வெயிலைத் தள்ளிவிட்டு இரவில் கரியை எரிக்கிறோம். தகடுகளைப் பெருக்கினோம், பகலின் மிகுதியை இரவுக்குச் சேமிக்கும் மின்கலங்களையும், நீரை மேலேற்றிவைத்து வேண்டும்போது இறக்கும் நிலையங்களையும், உறுதியான வலையமைப்பையும் அதே வேகத்தில் அமைக்கவில்லை. இது தொழில்நுட்பத்தின் தோல்வியன்று, திட்டமிடலின் தோல்வி.

தோல்வியின் விலையைச் செலுத்துவோர் யார்? 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் உயர்ந்தது. அந்த 2023இல் மட்டும் 10 இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. கம்பி வந்தும் வெளிச்சம் வராத வீடுகள் அவை. இப்போது மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்கும் சட்டம் வந்திருக்கிறது. கணக்கேடுகள் பிரிவதால் மட்டும் கரையோரக் கமக்காரன் தோட்டத்துச் சாம்பல் குறையுமா, துண்டித்த கம்பி மீண்டும் இணையுமா என்பதே நமது கேள்வி.

இது புதிய வழக்கமன்று. பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே மலைநாட்டு நீர்வலுவின் பயனை எடுத்துரைத்தார். 1950இல்தான் லக்சபான மின்சாரம் பிறந்தது. ஆனால், அந்த மலைகளில் உழைத்த தோட்டத் தொழிலாளரின் லயன் அறைகளில் அதன் பின்னரும் நெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது. உயரே கம்பி, கீழே மண்ணெண்ணெய். அன்று மலையில் நிகழ்ந்தது இன்று கடற்கரையில் வேறு வடிவில் நிகழ்கிறது.

நம் எழுத்தாளர்கள் ஒளியை அறிவுக்கும் இருளை அறியாமைக்கும் உவமையாக்கிப் பழகியவர்கள். விளக்கின் அடியில் எவர் நிற்கிறார் என்று பார்த்தவர்கள் அரியர். புத்தளம் கரையில் கரைவலை இழுப்பவனும், வெங்காயப் பாத்திக்கு நீர் இறைப்பவளும் நம் கதைகளுக்குள் வரட்டும். ஆட்சியாளர் ஒரு குரங்கைக் கதாநாயகனாக்கிக் கதையை முடித்துவிட்டனர். அதை மக்களைக் கொண்டு மீண்டும் தொடங்குவது நமது பொறுப்பு.