கைகட்டித் தொழுவதும் கைவிட்டுத் தொழுவதும்

இப்னு ருஷ்தை நாம் அரிஸ்டோட்டிலின் உரையாசிரியராகவே அறிந்திருக்கிறோம். கொர்டோபாவில் நீதிபதியாக இருந்த அவர் எழுதிய 'பிதாயத்துல் முஜ்தஹித்' என்ற சட்டநூல் நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. மத்ஹபுகள் எங்கெங்கே வேறுபடுகின்றன என்று அடுக்கும் நூல்கள் பல உண்டு. இந்நூலோ, ஏன் வேறுபட்டார்கள் என்று கேட்கிறது.

ஓர் உதாரணம். தொழுகையில் நிற்கும்போது ஹனபி, ஷாபி, ஹன்பலி மத்ஹபினர் வலக்கையை இடக்கைமேல் வைப்பர். மாலிகிகளில் பலர் கைகளைத் தொங்கவிடுவர். விசித்திரம் என்னவெனில், கைகட்டச் சொல்லும் செய்தி இமாம் மாலிக்கின் 'முவத்தா'விலேயே உண்டு. ஆனால் அவருடைய மாணவர் இப்னுல் காஸிம் வழியாக 'முதவ்வனா'வில் வருவதோ, கடமையான தொழுகையில் அதை அவர் விரும்பவில்லை என்பது. இப்னு ருஷ்த் சொல்லும் காரணம் எளிமையானது: நபியின் தொழுகையை விவரிக்கும் உறுதியான செய்திகளில் கைகட்டுதல் இல்லை, ஆனால் மக்கள் அவ்வாறு ஏவப்பட்டதும் உறுதியானதே. பிணக்கு இங்கே பிறக்கிறது. இறுதியில், கைகட்டுவதைப் பணிவின் நிலையாகக் கொள்வதே மேல் என்கிறார். இதைச் சொல்பவர் ஒரு மாலிகி! இந்நூலின் பெறுமதி இந்த நேர்மையில்தான் இருக்கிறது.

குறையும் உண்டு. காரணங்களை அவர் பெரும்பாலும் மூலவாக்கியங்களிலேயே தேடுகிறார். எனது தொழிற்சாலையில் இடைவேளையில் மொரோக்கோக்காரர் கைகளைத் தொங்கவிட்டும், துருக்கியர் தொப்புளுக்குக் கீழே கட்டியும் அருகருகே தொழுகிறார்கள். கேட்டால் இருவரும் தகப்பனைத்தான் சொல்வார்கள். எங்கள் ஊர் ஷாபிகள் ஸுபஹில் குனூத் ஓதுவதும் முதலில் அப்படிக் கற்றதுதான். (ஹதீஸ் இலக்கம் சொல்லி வாதிடும் பழக்கம் பிறகு வந்தது.)

1980களிலிருந்து தமிழில் பெருகிய 'மத்ஹபை விடுங்கள்' பிரசுரங்கள் மக்காவை உதாரணம் காட்டுவதுண்டு. கஃபாவைச் சுற்றி முன்பு மத்ஹபுகளுக்குத் தனித்தனி இமாம்கள் இருந்தார்கள். 1183இல் அங்கு சென்ற இப்னு ஜுபைர், மஃரிபுக்கு நேரம் குறுகியதால் எல்லோரும் ஒரேநேரத்தில் தொழுவித்ததையும், தக்பீர்கள் கலந்து, ஒருவர் வேறொருவருடைய இமாமுடன் ருகூவுக்குக் குனிய நேர்ந்ததையும் எழுதியிருக்கிறார். 1924இல் சவூதிகள் மக்காவைக் கைப்பற்றிய பின் அம்முறை ஒழிந்து ஒரே இமாம் என்றாயிற்று. குழப்பம் தீர்ந்தது நல்லதே. ஆனால் ஆட்சி செய்த ஏற்பாடு ஒன்றை, வாதத்தில் கிடைத்த வெற்றியாகப் பிரசுரக்காரர்கள் காட்டுவதை ஏற்கமுடியாது. அந்த ஒரே இமாமின் பின்னாலும் மாலிகி கைகளைத் தொங்கவிட்டுத்தான் நிற்கிறார்.