பட்டறைத் தெளிப்பான்: பிரஷர் உண்டு, அளவு இல்லை

பெரம்பலூர், ஆத்தூர், துறையூர் வட்டாரத்தில் மினி டிராக்டர் வாங்கியவர் ரோட்டவேட்டருக்குக் கம்பெனி ஷோரூமுக்குப் போவார். மருந்தடிக்கும் சாமானுக்கு மட்டும் பட்டறைக்குப் போவார். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம், ஆங்கிளில் அடித்த ஒரு சட்டம், எச்.டி.பி என்ற உயர் அழுத்தப் பம்பு, வண்டியின் பின்புறச் சுழல் தண்டான பி.டி.ஓ.விலிருந்து பெல்ட், 100 மீட்டர் ஹோஸ், அதன் முனையில் ஒரு கன். அவ்வளவுதான். வெல்டிங் சூடு ஆறுவதற்குள் வண்டியில் மாட்டி, பட்டறை வாசலிலேயே தண்ணீர் பீய்ச்சிக் காட்டிவிடுவார்கள். எதிர்ச் சுவர் வரை அடித்தால் சாமான் நல்ல சாமான்.

இந்தப் பழக்கத்தை மட்டம் தட்டுவது சுலபம். ஆனால் இரும்பு வேலையைப் பொறுத்தவரை பட்டறைக்காரரின் கணக்கு பெரும்பாலும் சரி. தவறு தொடங்குவது ஹோஸின் கடைசி ஓரடியில்.

முதலில் எடை. 24 குதிரைத்திறன் மினி டிராக்டர்களின் லிப்ட் 750 கிலோ தூக்கும் என்று அட்டவணையில் போட்டிருக்கும். அது லிப்ட் கையின் நுனியில் அளந்தது. டேங்க் அதற்கும் பின்னால் தள்ளி உட்காருகிறது. தள்ளத் தள்ளத் தூக்கும் திறன் குறையும், முன்சக்கரம் லேசாகும். 400, 600 லிட்டர் டேங்கும், நாசில்களை வரிசையாகப் பூட்டிய அகலமான பூமும் கொண்ட கம்பெனி தெளிப்பான்கள் பெரிய டிராக்டரையும் பெரிய வயலையும் நினைத்துச் செய்தவை. நம் ஊரில் ஒரு ஏக்கரை நான்கு வரப்பு வெட்டும். நிரம்பிய பெரிய டேங்கோடு வரப்பேறும்போது ஸ்டீயரிங் கைக்கு அடங்காது. 200 லிட்டர் என்றால் தண்ணீர் 200 கிலோ, சட்டமும் பம்பும் சேர்ந்தாலும் வண்டி தாங்கும். டிரம்மைக் கூடிய மட்டும் சக்கரத்தை ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். பாதி காலியான டிரம்மில் தண்ணீர் அலையும். அதற்கு நின்ற டிரம்மை விடப் படுக்கை டேங்கும் உள்ளே ஒரு தடுப்பும் நல்லது.

பம்பு விஷயத்திலும் குறையில்லை. நிமிடத்துக்கு 30 லிட்டர், 30 கிலோ பிரஷர் என்றாலும் அதற்கு வேண்டிய சக்தி இரண்டு குதிரைத்திறன்தான். வண்டிக்கு அது ஒரு சுமையே இல்லை. பி.டி.ஓ நிமிடத்துக்கு 540 சுற்று. அந்தப் பக்கம் 10 அங்குலப் புல்லி, பம்புப் பக்கம் 6 அங்குலப் புல்லி போட்டால் 900 வருகிறது. இவ்வகைப் பம்புகளுக்குப் பொருத்தமான வேகம். வாஷர் தேய்ந்தால் உள்ளூரிலேயே கிடைக்கும், வால்வு அடைத்தால் விவசாயியே கழற்றிக் கழுவிக்கொள்வார். மருந்தடிக்க வேண்டிய நாள் தவறினால் பயிர் காத்திருக்காது. சர்வீஸ் ஆள் வரும்வரை நிற்கிற இறக்குமதி மிஷினை விட இது ஆயிரம் மடங்கு மேல்.

பிறகு எங்கே கோளாறு? பிரஷர்தான் தரம் என்ற நம்பிக்கையில். கன்னிலிருந்து வெளியேறுவது ஒன்று பீச்சலாக இருக்கும், திருகைத் திருப்பினால் புகையாக இருக்கும். பீச்சல் இலையில் பட்டு வழிந்து மண்ணுக்குப் போகும். புகை காற்றோடு பக்கத்துக் கொல்லைக்குப் போகும். ஒரு ஏக்கருக்கு எத்தனை லிட்டர் விழுந்தது என்று கன் பிடித்தவருக்கே தெரியாது. டிரம் தீர்ந்த இடம்தான் கணக்கு. முதல் பத்து வரிசை நனைந்து சொட்டும், கடைசிப் பத்து வரிசை பாவமாக நிற்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று அடுத்த வாரம் கடைக்காரர் வேறொரு பாட்டிலைத் தருவார்.

மக்காச்சோளத்தில் இது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. 2018இல் கர்நாடகத்தில் முதலில் கண்டறியப்பட்ட படைப்புழு அதே ஆண்டு இந்தப் பக்கத்துச் சோளக்காடுகளிலும் இறங்கியது. புழு உட்கார்ந்திருப்பது குருத்துக்குள். மேலே மரத்தூள் போல அதன் எச்சம் மூடியிருக்கும். 20 அடி தள்ளி நின்று கன்னில் வீசினால் இலையின் வெளிப்பக்கம் பளபளவென்று நனைகிறது, குருத்துக்குள் போவது சொற்பம். மேலிருந்து நேராகக் குருத்தில் இறங்க வேண்டும். அதற்கு வரிசைக்கு ஒரு நாசில் தலைக்கு மேல் வர வேண்டும். அதாவது பூம் வேண்டும்.

பூம் என்றதும் பெரிய செலவென்று பயப்பட வேண்டாம். அதே பட்டறையில், அதே ஆங்கிளில் ஆகிற வேலை. 60 செ.மீ. வரிசைக்கு 60 செ.மீ. இடைவெளியில் ஆறு நாசில் வைத்தால் அகலம் 3.6 மீட்டர். மஞ்சள் நிற 02 நாசில் 3 கிலோ பிரஷரில் நிமிடத்துக்கு 0.8 லிட்டர் விடும், ஆறுக்கும் 4.8 லிட்டர். வண்டி மணிக்கு 3 கி.மீ. போனால் நிமிடத்துக்கு 50 மீட்டர், 180 சதுர மீட்டர் நனையும். ஒரு ஏக்கர் முடிய ஏறக்குறைய இருபத்திரண்டரை நிமிடம், 108 லிட்டர் தண்ணீர். ஒரு டிரம்மில் கிட்டத்தட்ட இரண்டு ஏக்கர். திரும்புவதற்கும் தண்ணீர் நிரப்புவதற்கும் ஆகும் நேரம் தனி. வேகத்தைச் சரிபார்க்க மீட்டரெல்லாம் வேண்டாம்: 30 மீட்டருக்கு இரண்டு குச்சி நட்டு, 36 விநாடியில் கடக்கிற கியரைக் கண்டுபிடித்தால் போதும். அதற்குப் பிறகு ஏக்கருக்கான மருந்தை 108 லிட்டருக்குக் கலக்கலாம், ‘டேங்குக்கு ஒரு மூடி’ என்று கலக்க வேண்டியதில்லை.

ஆனால் இங்கேதான் பட்டறையில் யாரும் எச்சரிக்காத ஒரு சிக்கல் வருகிறது. எச்.டி.பி பம்பின் மேலிருக்கும் பிரஷர் மீட்டரைப் பாருங்கள். முள் 50, 60 கிலோ வரை ஓடும்படி எழுதிய முகம் அது. 3 கிலோவில் முள் அடிக்கட்டையிலிருந்து ஒரு நூல் அளவுதான் அசையும். அது 2 கிலோவா 5 கிலோவா என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. பம்போடு வரும் ரெகுலேட்டரும் அவ்வளவு கீழே பிடி கொடுக்காது. லேசாகத் திருகினாலே துள்ளும். பூமுக்குப் போகிற வரியில் தனியாக ஒரு சின்ன ரெகுலேட்டரும், 10 கிலோ வரை மட்டும் காட்டும் மீட்டரும் மாட்ட வேண்டும். மொத்தச் செலவில் இது சில்லறை. இதை விட்டுவிட்டால் மேலே போட்ட கணக்கு அத்தனையும் காகிதத்தில்தான். பிரஷரை ஏற்றினால் அதிகம் விழும் என்பதும் பாதி உண்மை: நாசிலில் இரண்டு மடங்கு தண்ணீர் வர வேண்டுமானால் பிரஷரை நான்கு மடங்கு ஏற்ற வேண்டும். அதற்குள் துளி பொடிப்பொடியாகிக் காற்றில் போய்விடும்.

பம்பு விடும் மிச்சத் தண்ணீரும் வீணல்ல. நிமிடத்துக்கு 22 லிட்டர் பம்பில் நாசிலுக்குப் போனது போக 17 லிட்டர் டிரம்முக்கே திரும்புகிறது. தூள் மருந்தைக் கலக்கிக்கொண்டே இருக்க அது தாராளம். ஆனால் திரும்பும் குழாயை டிரம்மின் வாயில் சும்மா செருகி விடுகிறார்கள். மேலே நுரை கட்டும், தூள் அடியில் தங்கும். குழாயை அடி வரை இறக்கினால் தீர்ந்தது.

பூமும் எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. மினி டிராக்டரின் வயிறு தரையிலிருந்து ஓரடி உயரம்தான். சோளம் முழங்காலைத் தாண்டினால் அச்சில் மடங்கி ஒடியும். படைப்புழுவுக்கு அதற்கு முன்பே அடிக்க வேண்டும் என்பது நம் நல்ல காலம். பின்சக்கரங்களுக்கு நடுவிலான அகலம் வரிசைக்குப் பொருந்தாவிட்டால் ஒவ்வொரு நடைக்கும் இரண்டு வரிசை மண்ணோடு போகும். ஆகவே விதைக்கும்போதே வண்டிச்சால் விட வேண்டும். ஆளுயரப் பருத்தி, தென்னை, மா என்றால் கன்தான். பந்தல் திராட்சைக்கு இரண்டுமே அரைகுறை. நாசிக் பக்கம் மினி டிராக்டரின் பின்னால் விசிறி வைத்துக் காற்றோடு துளியை ஊதுகிற புளோயர்கள் ஓடுகின்றன. அந்த வேலையைப் பட்டறையில் செய்யப் பார்க்காதீர்கள். விசிறியின் சமநிலை தப்பினால் ஆபத்து.

ஆபத்து என்றதும் 2017ஆம் ஆண்டு யவத்மால் நினைவுக்கு வராமல் இருக்காது. பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் நஞ்சேறி இறந்தார்கள். தலைக்கு மேல் வளர்ந்த செடிக்குள் நடந்துகொண்டே அடிப்பவர், தான் அடித்த மருந்தையே சுவாசிக்கிறார், உடம்பில் பூசிக்கொள்கிறார். கன் முறையில் வண்டிக்கு ஒருவர், ஹோஸ் இழுக்க ஒருவர், அடிக்க ஒருவர்; மூவரில் இருவர் ஈரப் பயிருக்குள். பூமில் ஓட்டுநர் மருந்துக்கு முன்னால் போய்விடுகிறார். பின்காற்று இல்லாதவரை இது பெரிய லாபம், கூலி மிச்சத்தை விடப் பெரிது. அதே சமயம் பட்டறைத் தெளிப்பானில் பி.டி.ஓ.வுக்கும் பெல்ட்டுக்கும் மூடி இருப்பதை அநேகமாகப் பார்க்க முடியாது. 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது. வேட்டி முனையோ துண்டோ மாட்டினால் கையை இழுத்துக்கொள்ள நேரமே இல்லை. ஒரு தகரத்தை வளைத்து நான்கு போல்ட் போடும் வேலைக்கு என்ன தயக்கம் என்று எனக்கு விளங்கவில்லை. கை கழுவ 15 லிட்டர் நல்ல தண்ணீர் கேன் ஒன்றும் சட்டத்தில் கட்டாயம் தொங்க வேண்டும்.

வாடகைக்கு விடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2,4-டி களைக்கொல்லி அடித்த டிரம்மையும் ஹோஸையும் சரியாகக் கழுவாமல் மறுநாள் பருத்திக்குக் கொண்டுபோனால் இலை சுருங்கி விரல் விரலாகக் கிழியும். துளி மிச்சம் போதும். களைக்கொல்லிக்கு என்று ஒரு டிரம், ஒரு ஹோஸ் தனியே வைத்திருப்பதே வழி.

மானியம் பற்றிக் கேட்பார்கள். மத்தியப் பிரதேசத்தின் புத்னி போன்ற சோதனை நிலையங்களில் தேறி, அரசுப் பட்டியலில் ஏறிய கருவிக்குத்தான் மானியம். பட்டறைச் சாமான் அதில் வராது. அதனால் மானியத்துக்காகவே வண்டிக்கு ஒவ்வாத பெரிய டேங்கை வாங்கி, கொட்டகையில் நிறுத்தி வைத்திருப்பவர்கள் உண்டு. ட்ரோனுக்குக் கொடுக்கிற கவனத்தில் கால் பங்கு, நாசில், சின்ன மீட்டர், ரெகுலேட்டர், மூடி அடங்கிய ஒரு தொகுப்புக்கு வேளாண் பொறியியல் துறை கொடுத்தால், ஊருக்குள் ஏற்கெனவே ஓடுகிற தெளிப்பான்கள் அத்தனையும் திருந்தும்.

ஓரிரண்டு ஏக்கர் காய்கறி மட்டும் வைத்திருப்பவருக்குப் பி.டி.ஓ பம்பே வேண்டாம். டிராக்டர் பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் பம்பும் நான்கு நாசிலும் போதும். மற்றவர்கள் சட்டத்தையும் டிரம்மையும் பட்டறையில் செய்யுங்கள், பம்பு எச்.டி.பி.யாகவே இருக்கட்டும்; நாசிலையும் மீட்டரையும் மட்டும் நல்ல கடையில் வாங்குங்கள். ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் நாசிலுக்கு அடியில் அளவு ஜக்கை ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். புதிதில் விட்டதை விடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக விட்டால் அந்த நாசிலைத் தூக்கிப் போடுங்கள்.