நடைபாதையும் நகரத்தின் கடமையும்

ஒரு நகரத்தின் சிறப்பை அதன் மணிக்கூட்டுக் கோபுரத்தைக் கொண்டும் மாளிகைகளைக் கொண்டும் அளப்பது வழக்கம். நாம் அதனை நடைபாதையைக் கொண்டு அளக்க விரும்புகின்றோம். மாளிகையினுள் நுழையச் சிலருக்கே உரிமை உண்டு. நடைபாதையோ சிறுவர், முதியோர், தொழிலாளர், வலது குறைந்தோர் ஆகிய அனைவருக்கும் உரியது. ஆதலால் அது தரங்குறைந்து அமையுமிடத்து, அந்நகரம் யாரைப் பொருட்படுத்தவில்லை என்பதும் உடன் புலனாகின்றது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். புதிய குடியிருப்புத் தொகுதியொன்றைக் கட்டி விற்கும் நிறுவனமே அதன் வீதிகளையும் நடைபாதைகளையும் அமைத்துக் கொடுப்பது அங்கு வழக்கம். வேலை செவ்வனே முடிவுறும் என்பதற்கு அந்நிறுவனம் பிணை வைக்கின்றது. நகரசபை பரிசோதித்து ஏற்றுக்கொண்டதும் அவை பொதுப்பாவனைக்கு உரியனவாகின்றன. அதன்பின் அமைத்தவரின் உத்தரவாதம் பெரும்பாலும் ஓராண்டுடன் முடிந்துவிடுகின்றது. ஆனால், சரியாக இறுக்கப்படாத மண் ஓராண்டுக்குள் தாழ்ந்தே தீரும் என்ற நியதி இல்லை. ஒடுங்கிய இடத்தில் நடப்பட்ட மரத்தின் வேர் கொங்கிறீற்றுத் தளத்தை மேலே தள்ளுவதற்குப் பல ஆண்டுகள் செல்லும். குறை வெளிப்படும் வேளையில் அமைத்தவர் இலாபத்துடன் விலகியிருப்பார். அம்மாநிலச் சட்டமோ, நடைபாதையைப் பேணும் பொறுப்பை அதனை அடுத்துள்ள காணியின் சொந்தக்காரர்மீது சுமத்துகின்றது. ஆக, இலாபம் ஒருவருக்கு, திருத்தச் செலவு இன்னொருவருக்கு, இடறி விழும் துன்பம் வழியே செல்பவருக்கு என்று பங்கீடு நடைபெறுகின்றது!

குறை எப்பொழுதும் வெடிப்பாகவே தோன்றுவதில்லை. வாகனங்கள் வீட்டு வளவுக்குள் ஏறுவதற்கு வசதியாக நடைபாதை வீதிப்பக்கம் சாய்த்து விடப்படுவதுண்டு. காலூன்றி நடப்பவர் இச்சாய்வைக் கவனிக்கமாட்டார். சக்கர நாற்காலியோ வீதியை நோக்கி இழுபடும். குறுக்குச் சாய்வு 48க்கு 1 என்ற அளவை மீறலாகாது என்று அந்நாட்டு விதிகள் வரையறுத்திருப்பதன் காரணம் இதுவே.

வலது குறைந்தோரின் உரிமைகளைக் காக்கும் சட்டம் அங்கே 1990ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1992 ஜனவரி 26ஆம் திகதிக்குப் பின் அரசாங்க நிறுவனங்களின் பாவனைக்கெனப் புதிதாக அமைக்கப்படுபவை யாவும் வலது குறைந்தோரும் பயன்படுத்தத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என அதன் விதிகள் கூறின. விதி ஏட்டில் இருந்தது. அதனை வீதிக்குக் கொண்டுவர மக்கள் நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது.

மாநிலத் தலைநகரான சக்கரமென்டோவில் வலது குறைந்தோர் சிலர் நகரத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். புதிதாக அமைத்த, மாற்றியமைத்த நடைபாதைகளில் ஏறி இறங்கும் சாய்தளங்கள் இல்லை என்பதும், இருக்கும் பாதைகள் பேணப்படவில்லை என்பதும் அவர்களது குற்றச்சாட்டுகள். முன்னதில் நகரம் இணங்கி வந்தது. பின்னதற்கு அது கூறிய மறுமொழி ஆராயத்தக்கது: நடைபாதை நகரம் வழங்கும் சேவையன்று, ஆகவே சட்டம் அதனைக் கட்டுப்படுத்தாது என்றது. கீழ் நீதிமன்றமும் அதனை ஏற்றது. ஆனால் 2002ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. சாய்தளம் வேண்டும் என்று விதித்துவிட்டு, அது கொண்டுசேர்க்கும் பாதையை விலக்கிவிடுவது பொருளற்றது என்பதே அதன் நியாயத்தின் சாரம். பின்னர் ஏற்பட்ட இணக்கத்தின்படி, ஆண்டுதோறும் போக்குவரத்து நிதியில் 20 சதவீதத்தை, 30 ஆண்டுகள் வரை, இப்பணிக்கு ஒதுக்க நகரம் உடன்பட்டது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரமும் இத்தகைய வழக்கொன்றின் முடிவில், 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 140 கோடி டொலர் செலவிட 2016இல் கட்டுப்பட்டது.

இவை வெற்றிகளே, ஐயமில்லை. எனினும் இவற்றின் எல்லையையும் நாம் காணவேண்டும். முப்பது ஆண்டுகள் என்பது ஒரு குழந்தை வளர்ந்து, தானும் குழந்தைகளைப் பெறும் காலம். மேலும், திருத்தச் செலவு பொதுநிதியிலிருந்தே செல்கின்றது. கட்டி விற்றவரின் கணக்கேட்டை அது தொடவில்லை.

தரத்தை வற்புறுத்தினால் வீட்டின் விலை ஏறும், எளியோர் வாங்க இயலாது என்பர் சிலர். ஏழையின் பெயரால் எழுப்பப்படும் இவ்வாதம் ஏழைக்கே தீங்கானது. தவிர்க்கப்பட்ட செலவு மறைந்துவிடுவதில்லை. பின்னர் உடைத்து மீண்டும் கட்டும் பெருஞ்செலவாக அதே மக்களிடம் திரும்பி வருகின்றது. கொங்கிறீற்றை ஊற்றுமுன் பலகையைச் சரியான சாய்வில் வைப்பதற்கு வேண்டியது செல்வமன்று, அக்கறையே.

ஆகவே, கடமை தொடங்க வேண்டிய இடம் நீதிமன்றம் அன்று. நகரம் பாதையை ஏற்கும் நாளே அது. பிணை கையில் இருக்கும்பொழுதே ரசமட்டம் வைத்து அளக்கவேண்டும். சக்கர நாற்காலியில் செல்வோரை அழைத்து அப்பாதையிற் சென்று பார்க்கச் செய்யவேண்டும். உத்தரவாதக் காலம் மண்ணும் வேரும் தம் இயல்பைக் காட்டும் அளவுக்கு நீளவேண்டும். அதுவரை கையொப்பம் இடலாகாது. அந்தக் கையொப்பத்துக்காகப் பொதுமக்கள் முன்கூட்டியே குரல் எழுப்பினாலன்றி, பாதைகள் கட்டுவோரின் வசதிக்கே கட்டப்படும்; நடப்போரின் வசதிக்கு அல்ல.